மகள் முட்டியைப் பிடித்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்துவிட்டால்: முதல் நாள் முதல் மறுபடி ஆடும்வரை

பள்ளி அணியில் கபடி, வாலிபால், கால்பந்து என்று ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, குறுவட்டக் கபடிப் போட்டியில் பாடிப் போன இடத்தில் எதிரணிப் பெண் கணுக்காலைப் பிடித்தாள். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, ஊன்றிய கால் திரும்பவில்லை. முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்துவிட்டது. அவள் மறுபடி களம் இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நாங்கள் போன ஒவ்வொரு இடத்திலும் பாதி விவரம்தான் சொன்னார்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாளை எப்போது வாங்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த வரிசைதான் இது.

நான் மருத்துவர் இல்லை. என்ன சிகிச்சை என்பதை எலும்பு மருத்துவர்தான் முடிவு செய்வார். அவரிடம் என்ன கேட்பது, எதற்கெல்லாம் அவசரப்படக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதல் ஒரு மணி நேரம்

விழுந்த பிள்ளை "ஒண்ணும் இல்ல, ஆடுறேன்" என்றுதான் சொல்லும். ஆட விடாதீர்கள். முட்டிக்குள் 'டப்' என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்ததா, அடுத்த சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கியதா, நிற்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உடனடியாக வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிவதால் வருவது. மறுநாள் மெதுவாக வரும் வீக்கத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது.

ஐஸ் வைக்கலாம். நேராகத் தோலில் வைக்காமல், ஈரத்துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். க்ரேப் பேண்டேஜ் சுற்றினால் விரல்கள் நீலம் பாயாத அளவுக்கு இருக்கட்டும்.

பாதம் சில்லிட்டுப் போனாலோ, மரத்துப் போனாலோ, வெளுத்திருந்தாலோ ரத்தக்குழாய்க்கு ஆபத்து இருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள், ஐஸ் எல்லாம் அப்புறம். எலும்பு கோணிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தால் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் சரிசெய்ய வேண்டி வரலாம், வயிறு நிறைந்திருந்தால் அதைத் தள்ளிப்போடுவார்கள்.

2. உருவலும் நாட்டுக்கட்டும்

இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகளின் கால் கெடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் சுளுக்கு எடுக்கும் ஆளின் போன் நம்பர் கொடுப்பார். இன்னொருவர் புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிக்கச் சொல்வார். எல்லோரும் அன்பினால் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டைப் பிடித்து உருவினால் கசிவு கூடும். எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு உருவல், வெந்நீர் ஒத்தடம், சூடு தரும் தைலம் மூன்றும் வேண்டாம்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் போட்டு இறுக்கிக் கட்டும் கட்டில் வேறு ஆபத்தும் இருக்கிறது. வீக்கம் ஏறும்போது கட்டு விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடித் தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். அப்படி ஆனால் சில மணி நேரத்திலேயே நிரந்தரச் சேதம் வரும். பெரியவர்களிடம் "எக்ஸ்ரே பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம் அத்தை" என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வாக்குவாதம் இல்லாமல் நேரம் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஏ.சி.எல். கிழிந்தாலும் சில வாரங்களில் வீக்கம் வடிந்து, பிள்ளை சாதாரணமாக நடக்கும். கட்டுப் போட்டதால் குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். பிறகு களத்தில் ஒரு திருப்பம் திரும்பும்போது முட்டி நழுவி, மெனிஸ்கஸ் என்ற மெத்தை போன்ற பகுதியும் கிழியும். முதலில் ஒன்றாக இருந்த காயம் இரண்டாகிவிடும்.

3. முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் முதல் நாள் ஓ.பி. சீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. தனியார் மருத்துவக் காப்பீடுகளில் மூட்டு, ஜவ்வு தொடர்பான சில சிகிச்சைகளுக்கு 2 வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. ஆனால் விபத்தினால் வந்த காயத்துக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. அது விபத்து என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்தச் சீட்டில்தான்.

எனவே மருத்துவரிடம் பணிவாகக் கேட்டு இவற்றை எழுத வையுங்கள்: அடிபட்ட தேதி, இடம், எந்த ஆட்டத்தில், எப்படி, எந்தக் கால். "முட்டி வலி, ஒரு மாதமாக" என்று மொட்டையாக எழுதப்பட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வலது இடது மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் சீட்டு ஒன்றில் கால் மாறியிருந்தது, அதைத் திருத்த மறுபடி போய் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. "தொழில்முறை வீராங்கனை" போன்ற சொல்லும் வேண்டாம். ஆபத்தான விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர்களுக்குப் பாலிசியில் விலக்கு உண்டு. பள்ளி மாணவி என்பதுதான் உண்மை, அதுவே இருக்கட்டும்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் மாணவர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கு இது தேவைப்படும். அதோடு பி.டி. சாரிடம், போட்டியில் அடிபட்டதாகத் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள கடிதம் ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் தள்ளினால் நினைவும் மங்கும், ஆளும் மாறலாம்.

ஒரு ஃபைல் வாங்கி, தேதி வரிசையில் எல்லாவற்றையும் போடுங்கள். மருந்துக்கடை ரசீதுகள் சில மாதத்தில் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். அன்றன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

4. எக்ஸ்ரே, ஸ்கேன்

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் எலும்பு முறியவில்லை என்று மட்டும்தான் பொருள். நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இருந்தாலும் எக்ஸ்ரேதான் முதலில் எடுக்க வேண்டும். ஏனென்றால் வளரும் பிள்ளைகளுக்குச் சில நேரம் ஜவ்வு கிழியாமல், அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வரும். அதற்குச் சிகிச்சை வேறு, அதில் தாமதம் கூடாது.

நல்ல எலும்பு மருத்துவர் ஸ்கேனுக்கு முன்பே கையால் சோதிப்பார். முட்டியைச் சற்று மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். நல்ல காலில் அது சட்டென்று நிற்கும். கிழிந்த காலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். என் மகளுக்கு இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் செய்து காட்டியபோது எங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. முதல் நாள் வீக்கத்தில் இந்தச் சோதனை சரியாக வராது. வீக்கம் வடிந்ததும் மறுபடி காட்டுங்கள்.

ஜவ்வைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க, தனியார் மையங்களில் முட்டிக்குச் சுமார் 5000 முதல் 9000 ரூபாய் வரை ஆகிறது. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் பிரிவுகளில் கட்டணம் இதைவிட நன்றாகவே குறைவு, ஆனால் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டி வரலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே காட்டிக் கேளுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமையும் சி.டி.யையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டாவது மருத்துவர் படத்தைத்தான் கேட்பார்.

5. வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று கேளுங்கள்

ஏ.சி.எல். அறுவை என்பது கிழிந்த ஜவ்வுக்குப் பதில் புதிய ஜவ்வு வைப்பது. பெரியவர்களுக்குச் செய்வதை அப்படியே பிள்ளைக்குச் செய்ய முடியாது. எலும்பின் முனைக்குப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது, எலும்பு நீள்வது அங்கேதான். பொதுவாகப் பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் அது மூடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பின் இருக்கும். திறந்திருக்கும் தட்டைத் துளைத்தால் கால் கோணவோ, ஒரு கால் குட்டையாகவோ வாய்ப்பு உண்டு.

அதனால் இந்த மூன்றையும் கேளுங்கள். எலும்பின் வயது எவ்வளவு? (இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்றில் பார்த்துச் சொல்வார்கள், செலவு குறைவு.) தட்டைத் தொடாமல் செய்யும் முறை இவளுக்குத் தேவையா? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்குக் கோபப்படும் மருத்துவரிடமிருந்து இரண்டாவது கருத்துக்குப் போய்விடுங்கள். ஏ.சி.எல். அறுவை நாளைக்கே செய்ய வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை. இன்னொருவரைப் பார்க்க நேரம் இருக்கிறது. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, இடையில் ஆடவும் விடுவது வேறு தப்பு.

புதிய ஜவ்வுக்குப் பெரும்பாலும் பிள்ளையின் சொந்தப் பின்தொடைத் தசைநாரையே எடுத்து வைக்கிறார்கள். வெளியிலிருந்து தானமாக வரும் திசு இளம் வயதினருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். எதை வைக்கப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. பணத்துக்கு வழி

தனியாரில் அறுவை, உள்ளே வைக்கும் திருகு முதலியவை, அறை எல்லாம் சேர்த்து ஊரையும் மருத்துவமனையையும் பொறுத்து சுமார் 1.5 லட்சம் முதல் 3 லட்சம் வரை சொல்கிறார்கள். கையிலிருந்து கொடுக்கும் முன் மூன்று கதவுகளைத் தட்டுங்கள்.

முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இது பொருந்தும். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறி வர நாளாகும், ஆகவே ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் முதல் வாரமே போட்டுவிடுங்கள். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று அன்றே பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திட்டத்தில் ஒரு மருத்துவமனை இருக்கிறது என்பதால் எல்லா அறுவையும் அங்கே இலவசம் என்று பொருளில்லை. காப்பீட்டு மேசையில் "ஏ.சி.எல். அறுவையை இந்தத் திட்டத்தில் இங்கே செய்கிறீர்களா? நாங்கள் தனியாக ஏதாவது கட்ட வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். 'நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான், களத்தில் விழுந்ததற்கு வராது.

இரண்டாவது, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. அப்பாவோ அம்மாவோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, அதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பிள்ளைக்கும் சிகிச்சை உண்டு. உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கி, பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போக வேண்டும்.

மூன்றாவது, அலுவலகமோ நீங்களோ எடுத்த தனியார் காப்பீடு. முன்கூட்டித் திட்டமிட்ட அறுவை என்பதால் இரண்டு மூன்று நாள் முன்பே அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறை வாடகைக்கு வரம்பு இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் பல பாலிசிகளில் வாடகையோடு நிற்காமல் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுகிறார்கள். உள்ளே வைத்த திருகு, பட்டன் இவற்றின் ஸ்டிக்கரும் ரசீதும் இல்லாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அப்புறம், அறுவைக்கு முந்தைய ஸ்கேனும் பிந்தைய பிசியோவும் பெரும்பாலான பாலிசிகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வரும். எத்தனை நாள் என்று பாலிசியைப் பாருங்கள், மருத்துவர் எழுதிய பிசியோ சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

எந்தக் காப்பீட்டிலும் வராத செலவும் நிறைய. முட்டிக்குப் போடும் பிரேஸ், ஊன்றுகோல், ஆட்டோ, சம்பளம் பிடிக்கப்படும் லீவு. பிசியோவுக்கு ஒரு முறைக்கு 300 முதல் 600 ரூபாய், அதுவும் பல மாதம். பட்ஜெட்டில் முதலில் பிசியோவை எழுதுங்கள். அறுவைக்குக் கடன் வாங்கி, பிசியோவுக்குக் காசில்லாமல் இரண்டாவது மாதமே நிறுத்திய குடும்பங்களைக் காத்திருப்பு அறையில் பார்த்தேன். அவர்கள் செய்த செலவும் வீணாகிறது.

7. அறுவைக்கு முன்னும் பின்னும்

வீங்கி விறைத்த முட்டியில் அறுவை செய்தால் பிறகு மடங்காமல் போகலாம். எனவே சில வாரம் முன்பயிற்சி தருவார்கள். வீக்கம் வடிய வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும், தொடைத் தசை வேலை செய்ய வேண்டும்.

பின்னால் வரும் முதல் வாரங்களில் மடக்குவதைவிட நீட்டுவதில் கண் வையுங்கள். பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டிக்கடியில் எதுவும் வேண்டாம். முட்டி தானாகக் கீழே இறங்க வேண்டும். வலிக்கிறதே என்று முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்க விட்டால் கால் மடங்கியபடியே நின்றுவிடும். பாசத்தில் எல்லா அம்மாக்களும் செய்வது அது. காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் இருந்தால் அன்றே மருத்துவமனை.

8. பள்ளிக்கு

மருத்துவச் சான்றோடு விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா, உட்காரும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை வெளியில் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். கை முறிந்து பொதுத்தேர்வு நெருங்கினால், சொல்வதை எழுதுபவருக்கான விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர் வழியாக உடனே அனுப்புங்கள்.

9. மெதுவாக வரும் வலிகள்

எல்லாம் விழுந்து வருவதில்லை. வளரும் வயதில் முட்டிக்குச் சற்றுக் கீழே புடைத்துக்கொண்டு வலித்தாலோ, குதிகாலின் பின்பக்கம் வலித்தாலோ, பெரும்பாலும் பயிற்சியின் அளவைக் குறைத்தாலே அடங்கும். வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகை வளைக்கும்போது இடுப்பில் வலி சில வாரமாக இருந்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம், பந்து வீசுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஓய்விலும் குறையாத வலி, கூடவே வளரும் வீக்கம் என்றால் "அடிபட்டிருக்கும்" என்று விடவே விடாதீர்கள். எலும்புப் புற்றுநோய் இந்த வயதில் முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வரும், அரிது என்றாலும். ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

10. மறுபடி களம்

எல்லோரும் கேட்கும் கேள்வி "எப்ப ஆடுவா?" 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்று, அதில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே கொண்டாடியது. அதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் வீட்டில் உட்கார மனம் வராது. அணிக்கும் ஆள் தேவை. தேர்வு நடக்கும் தேதி நெருங்கும். ஆனால் திருப்பமும் பிடியும் உள்ள ஆட்டத்துக்கு அறுவைக்குப் பிறகு குறைந்தது 9 மாதம் வேண்டும். அந்த 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி முட்டி அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று 2016இல் வந்த நார்வே ஆய்வு சொல்கிறது. 25 வயதுக்குள் ஆட்டத்துக்குத் திரும்புபவர்களில் ஏறத்தாழ 4, 5 பேருக்கு ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ ஜவ்வு மறுபடி கிழிகிறது.

வலி போய்விட்டது என்பதை அளவாக வைக்காதீர்கள். புதிய ஜவ்வு இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போதுதான் பிள்ளைக்கு வலியே இருக்காது, படியில் தாவி இறங்கும். தொடைத் தசையின் பலம் நல்ல காலில் உள்ளதில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அப்படியே. பிசியோவிடம் இந்த அளவுகளை எண்ணாக எழுதி வாங்கி, பி.டி. சாரிடம் கொடுங்கள். "டாக்டர் சரின்னுட்டார்" என்று வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த வாரமே முழு ஆட்டத்தில் இறக்கிவிடுவார்கள். முதலில் தனியாக ஓட்டம், பிறகு பிடியில்லாத பயிற்சி, பிறகு மண்ணில் பாதி ஆட்டம், கடைசியாக மேட். ஷூ போட்டு மேட்டில் ஆடும்போது கால் மண்ணைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வலி தெரியாமல் ஆட ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் பயிற்சி கால்பந்துக்காக உருவானது, தாவித் திரும்பும் எந்த ஆட்டத்துக்கும் உதவும். 15 பயிற்சிகள், 20 நிமிடம், கருவி தேவையில்லை, இணையத்தில் இலவசம். தாவி இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். கிழிவது ஆண் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் அவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். பி.டி. சாரிடம் வாரம் இரண்டு மூன்று நாளாவது மொத்த அணிக்கும் செய்ய வைக்கக் கேளுங்கள். தனியாக உங்கள் மகளை மட்டும் செய்யச் சொன்னால் அவள் கூச்சப்பட்டு இரண்டாம் நாளே விட்டுவிடுவாள்.